கொல்லைக் குழாய்க்கு ஒரு காலைப் பொழுது

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் பிளம்பர் கிடைப்பது குதிரைக்கொம்பு. போரில் தண்ணீர் கீழே போய்விட்டது, மோட்டார் காற்றை இழுக்கிறது, தொட்டி ஏறவில்லை என்று ஆளாளுக்கு ஓர் அவசரம். அந்த நேரத்தில் "கொல்லைக் குழாய் சொட்டுது, வந்து பாருங்க தம்பி" என்று கூப்பிட்டால் வருவார்களா? "வர்றேன்க்கா" என்பார்கள், வர மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பெரிய வேலையை விட்டுவிட்டு ஒரு வாஷருக்காக வண்டியை எடுத்துக்கொண்டு யார் வருவார்? நாமும் குழாயின் வாயில் ஒரு துணியைச் சுற்றி, கீழே வாளியை வைத்து, நாளைக் கடத்துவோம்.

இந்த வேலையைப் பிளம்பருக்காகக் காத்திருக்காமல் வீட்டில் இருப்பவர்களே செய்துகொள்ளலாம் என்பது என் கட்சி. நான் செய்துகொண்டுதான் இருக்கிறேன். பெண்கள் செய்யலாம், கல்லூரி போகிற பிள்ளைகள் செய்யலாம். இரண்டு ஸ்பேனர், ஒரு டெஃப்லான் டேப், நான்கைந்து வாஷர் இருந்தால் போதும்.

முதலில், வெளியே இருக்கிற குழாய்க்கு ஏன் இத்தனை கவனம் என்று கேட்பவர்களுக்கு. காவிரி டெல்டா கிராமங்களில் பல வீடுகளுக்குக் குடிநீர்க் குழாயே வெளியேதான் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில் வந்த இணைப்புகளைப் பாருங்கள். வாசலோரம் ஒரு சிறிய சிமென்ட் கால், அதில் ஒரு குழாய், அவ்வளவுதான். அந்தத் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். இரவு படுக்கப் போகும்போது சொட்டுகிற குழாயின் கீழே 15 லிட்டர் வாளி ஒன்றை வைத்துப் பாருங்கள். விடிந்து எழுந்தால் முக்கால் வாளி நின்றால், வீட்டில் ஒருவருடைய ஒரு நாள் பங்கில் ஐந்தில் ஒன்று தூங்கும் நேரத்தில் போய்விட்டது என்று அர்த்தம்.

கொல்லையில் வேறு வேலைகளும் உண்டு. துவைக்கிற கல், பாத்திரம் துலக்குகிற இடம், வயலிலிருந்து வந்தவர்கள் கால் கழுவுகிற இடம், மாட்டுத் தொட்டி, வாழைக்கும் கருவேப்பிலைக்கும் போகிற வாய்க்கால், எல்லாம் அந்த ஒரு குழாயை நம்பித்தான். வீட்டுக்குள் இருக்கிற குழாயை ஒருவர் மெதுவாகத் திறந்து மூடுவார். கொல்லைக் குழாயை அவசரத்தில், சேற்றுக் கையோடு, முழு பலத்தோடு திருகுவார்கள். குடத்தை அதில் மாட்டுவார்கள். கன்றுக்குட்டி வந்து கழுத்தைத் தேய்க்கும். ஹோஸைப் பிடித்துப் பிள்ளைகள் இழுக்கும். இத்தனையையும் தாங்கிக்கொண்டு அது வெயிலில் நிற்கிறது.

என் தங்கை டொரண்டோவில் இருக்கிறாள். அங்கே வெளிக்குழாய்க்குப் பகை பனி. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். அது விரிவதற்குக் குழாய்க்குள் இடம் இல்லாவிட்டால் செம்பே பிளந்துபோகும். அதனால் அங்கே வெளிச்சுவரில் பொருத்துகிற குழாயின் அமைப்பே வேறு. கைப்பிடி வெளியே இருக்கும். தண்ணீரை அடைக்கிற வாஷரும் அது உட்காருகிற இடமும் ஓர் அடி நீளத் தண்டின் மறுமுனையில், சுவரைத் தாண்டி, சூடாக இருக்கிற வீட்டுக்குள் இருக்கும். குழாயை மூடினால் அந்த நீளத்தில் நிற்கிற தண்ணீர் தானாக வெளியே வடிந்துவிடும். அதற்காகவே வெளிப்பக்கம் நோக்கிக் கொஞ்சம் சரிவாகப் பொருத்துவார்கள். உள்ளே ஈரம் நிற்காது, உறைய எதுவும் இல்லை. எளிமையான, நல்ல யோசனை.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குளிர்காலம் வருமுன் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். ஹோஸ் மாட்டியபடியே இருந்தால் தண்ணீர் வடிய வழியில்லை, உள்ளேயே நின்று உறையும். தங்கை வீட்டில் ஒரு வருடம் அப்படித்தான் ஆனது. குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. பிளந்த இடம் அடைப்புக்கு வெளிப்பக்கம் இருப்பதால் குழாய் மூடியிருக்கும்வரை கசியாது. ஏப்ரலில் செடிக்குத் தண்ணீர் விடத் திறந்தாள், நிலவறைச் சுவர் நனைந்தது. புதுக் குழாய் வாங்கும்போது சுவரின் கனத்தை அளந்து அதே நீளத்தில் வாங்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் அவள் சொல்லிக் கேட்டேன். வெறும் சொட்டு என்றால் மாற்ற வேண்டியதில்லை. வீட்டுக்குள் தண்ணீரை அடைத்து, கைப்பிடிக்குப் பின்னால் உள்ள நட்டைக் கழற்றினால் அந்த நீளத் தண்டு முழுதாக வெளியே வந்துவிடும். அதன் நுனியில் ஒரு சின்ன ஸ்க்ரூவில் வாஷர் இருக்கும். அதை மாற்றினால் வேலை முடிந்தது.

தமிழ்நாட்டில் உறைபனி என்றால் நீலகிரிதான். மார்கழி, தையில் ஊட்டித் தாவரவியல் பூங்காவின் புல்வெளி காலையில் வெள்ளையாகக் கிடக்கும். தஞ்சாவூரில் அந்த மாதங்களில் விடியற்காலைக் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான். நமக்குப் பனியால் ஆபத்தில்லை. வேறு நான்கு தொல்லைகள் உண்டு: வெயில், உப்பு, மணல், களிமண்.

வெயிலால் வருவது பிளாஸ்டிக்கின் கேடு. மண்ணுக்கு மேலே வெறுமனே நிற்கிற பி.வி.சி. பைப் நாலைந்து கோடையில் நிறம் மாறும். தொட்டால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். அந்த நிலையில் ஒரு தட்டுத் தட்டினால் விரிசல் விடும். இதற்கு மருந்து வெளிச்சுவருக்கு அடிக்கிற தண்ணீர் கலந்த பெயின்ட்தான். மிச்சம் இருந்தால் பைப்பின் மேலும் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். தின்னர் கலந்த பெயின்ட் வேண்டாம், அது பிளாஸ்டிக்கையே தின்னும். மொட்டை மாடியில் ஓடுகிற சி.பி.வி.சி. பைப்புக்கும் இதே கதைதான்.

உப்பும் இரும்பும் ஊருக்கு ஊர் மாறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். உள்ளே வந்தால் சில ஊர்களில் வாளியின் அடியில் செம்பழுப்பாகப் படியும். இந்தப் படிவு குழாயின் உள்வாயில் ஏறி, வாஷர் சமமாக உட்கார விடாது. நாம் இன்னும் அழுத்தி மூடுவோம், வாஷர் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும். மணலும் அப்படித்தான். இது ஆறு கொண்டுவந்து போட்ட மண். போரிலிருந்து பொடிமணல் வராத வீடு குறைவு. தொட்டியைக் கழுவும்போது அடியில் பாருங்கள், தெரியும்.

நான்காவதான களிமண்ணைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பழைய டெல்டாவின் கரிய களிமண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் ஊறி உப்பும். வருடா வருடம் இந்த அசைவு நடக்கிறது. மண்ணுக்குள் போகிற பைப்பின் எல்போவையும் கப்ளரையும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். கொல்லையில் காரணமே இல்லாமல் ஓர் இடம் மட்டும் ஈரமாகப் பச்சை பிடித்திருந்தால் அங்கே தோண்டிப் பாருங்கள். புதிதாகப் பைப் பதிக்கிறவர்கள் பள்ளத்தின் அடியிலும் பைப்பைச் சுற்றியும் ஆற்று மணலோ எம்-சாண்டோ போட்டு, அதன் மேல் களிமண்ணைத் தள்ளுங்கள். கொஞ்சம் கூடுதல் செலவுதான். மண் அசைந்தாலும் பைப்பை இறுக்கிப் பிடிக்காது.

இனி ரிப்பேர். முதலில் எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். மூடிய பிறகும் வாயிலிருந்து சொட்டினால் வாஷர். திறந்திருக்கும்போது கைப்பிடிக் கழுத்தில் ஊறினால் கிளாண்டு. சுவரோடு சேருகிற இடத்தில் கசிந்தால் மரை. குழாயின் உடம்பிலேயே மயிர்க்கோடு மாதிரி கசிந்தால் அதோடு போராட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

வாஷர் மாற்றுவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் சொல்வது பழைய திருகு வகை அரை இஞ்ச் பித்தளைக் குழாய். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 781 என்பது இந்த வகைக்குத்தான். குழாய்க்கு வருகிற தண்ணீரை அடைக்கும் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து பைப்பில் நிற்கிற தண்ணீரை வடிய விடுங்கள். குழாய் திறந்த நிலையிலேயே இருக்கட்டும். ஒரு ஸ்பேனரால் குழாயின் உடம்பை அசையாமல் பிடியுங்கள், இன்னொன்றால் தலைப்பகுதியைத் திருகுங்கள். இந்த இரண்டு கைப் பிடிதான் இந்த வேலையில் முக்கியமானது. உடம்பைப் பிடிக்காமல் தலையைத் திருகினால் அந்த விசை முழுவதும் சுவருக்குள் இருக்கிற எல்போவுக்குப் போகும். பிறகு சுவரை உடைக்க வேண்டியதுதான்.

தலை கழன்றதும் அதன் கீழே ஒரு சின்னப் பித்தளைத் தண்டும் வாஷரும் இருக்கும். கடையில் ஜம்பர் என்று கேட்டால் இதைத்தான் கொடுப்பார்கள். பழைய வாஷரைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சில சமயம் அந்தப் பள்ளத்திலேயே இரண்டு மணல்துகள் புதைந்திருக்கும். புதியதைப் போடும் முன் சுண்டுவிரலை உள்ளே விட்டு, வாஷர் உட்காருகிற வளையத்தைத் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. பல் பல்லாக நெருடினால் எந்த வாஷரும் அதில் நிலைக்காது. அந்த வளையத்தைச் சீவுகிற கருவி பழைய பிளம்பர் சிலரிடம் உண்டு. இல்லாவிட்டால் குழாயையே மாற்றுவதுதான் வழி. படிவு மட்டும் என்றால் புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். பித்தளைக் குடத்துக்குச் செய்கிறதையே இதற்கும் செய்யலாம்.

எங்கள் அப்பா காலத்தில் கடைக்கு ஓட மாட்டார்கள். தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்தோ சைக்கிள் டியூபிலிருந்தோ வட்டமாக வெட்டிப் போட்டுவிடுவார்கள். இரவு நேரத்து அவசரத்துக்கு இன்றும் அது உதவும். ஆனால் டியூப் ரப்பர் மெல்லியது, சீக்கிரம் கூழாகும். தஞ்சாவூர் கீழவாசல் கடைத்தெருவில் பத்து ரூபாய்க்குள் வாஷர் கிடைக்கும்போது நாலைந்து வாங்கி அலமாரியில் போட்டுவைப்பதே மேல்.

கழுத்தில் ஊறுகிற குழாய்க்கு முதல் வைத்தியம் கிளாண்டு நட்டைக் கால் சுற்று இறுக்குவது. பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் நட்டை மேலே தூக்கி, டெஃப்லான் டேப்பைக் கயிறாக முறுக்கி, தண்டைச் சுற்றி இரண்டு சுற்று விட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவி மறுபடி இறுக்குங்கள். கைப்பிடி சுலபமாகச் சுற்ற வேண்டும், கசியவும் கூடாது. அந்தப் பதத்தில் நிறுத்திவிடுங்கள்.

குழாயை முழுதாக மாற்றுவது என்றால் பயப்பட வேண்டியது பழைய ஜி.ஐ. பைப்புக்கு. துருவேறிய மரை கூடவே ஒடிந்து வரும். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். காலையில் மரையைச் சுற்றிச் சுத்தியலால் லேசாகத் தட்டி, கொஞ்சம் இறுக்கும் பக்கமே அசைத்து, அப்புறம் கழற்றுங்கள். சுவருக்குள் இருப்பது பிளாஸ்டிக் என்றால் அதில் பித்தளை மரை பதித்த எல்போ போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் மரையில் பித்தளைக் குழாயை இறுக்கினால், இன்றோ நாளையோ நீளவாக்கில் பிளக்கும். வீடு கட்டுகிறவர்கள் இந்த ஒரு எல்போவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

டேப்பைச் சுற்றும் திசை பற்றிப் பலர் கேட்பதுண்டு. மரையின் நுனி உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கடிகார முள் சுற்றுகிற பக்கம் சுற்றுங்கள். அப்போதுதான் திருகி உள்ளே போகும்போது டேப் பிரியாது. நம் கடைகளில் கிடைக்கிற மெல்லிய டேப் என்றால் பத்துப் பன்னிரண்டு சுற்று வேண்டும். முதலில் கையால் போகிறவரை திருகி, கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஸ்பேனர். குழாயின் வாய் நேர்கீழே வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பி நேராக்காதீர்கள், கசியும். முழுதாகக் கழற்றி, புது டேப் சுற்றி, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

எந்தக் குழாய் வாங்குவது? கால் திருப்பில் திறந்து மூடுகிற செராமிக் வகையைத்தான் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். பார்க்க அழகு, திறக்கச் சுலபம். வீட்டுக்குள் அதுவே நல்லது. கொல்லைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மணல் வருகிற தண்ணீரில் உள்ளே இருக்கிற இரண்டு தட்டிலும் கீறல் விழுந்தால் உள்பாகத்தையே மாற்ற வேண்டும். அதே கம்பெனி, அதே மாடல் கிடைத்தால் உண்டு. திருகு வகைக்கு எந்தப் பெட்டிக்கடை வாஷரும் சேரும். பித்தளை திருட்டுப் போகும் என்ற பயம் இருக்கிற இடங்களில், முக்கியமாகச் சுற்றுச்சுவர் இல்லாத வீடுகளில், நல்ல கனமான பிளாஸ்டிக் குழாய் போடுவதில் தவறில்லை. கைப்பிடி உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். தனியாக நிற்கிற பைப்புக்கு மட்டும் ஒரு கருங்கல் காலோ சிமென்ட் காலோ நட்டு இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டுவிடுங்கள். கொல்லைக் குழாய் உடைகிற வீடுகளில் பெரும்பாலும் இந்தக் கால் இல்லை.

தங்கை வீட்டுக் குழாயில் எனக்குப் பிடித்தது அந்த நீளத் தண்டைவிட, குழாயின் தலையில் இருக்கிற ஒரு சின்னத் தொப்பி. பைப்பில் அழுத்தம் குறைந்து உள்ளே இழுக்க ஆரம்பித்தால் அது காற்றை உள்ளே விடும். ஹோஸின் வாயில் கிடக்கிற அழுக்குத் தண்ணீர் பைப்புக்குள் ஏறாது. நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஊரிலேயே அதைக் கட்டாயமாக வைத்திருக்கிறார்கள். நமக்கு நாளில் சில மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது. நிறுத்தியதும் மெயின் பைப்பில் இருக்கிற தண்ணீர் தாழ்ந்த இடத்துக்கு இறங்கும், பின்னால் உறிஞ்சல் உண்டாகும். அந்த நேரத்தில் திறந்து கிடக்கிற ஹோஸ் மாட்டுத் தொட்டியிலோ சேற்றிலோ மூழ்கிக் கிடந்தால், அந்த அழுக்குத் தண்ணீர் தெருவுக்கே பொதுவான குடிநீருக்குள் போகும்.

அதைவிட மோசம் குழிக்குழாய். தண்ணீர் வேகமாக வரவில்லை என்று வாசலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, அதன் அடியில் குழாயை வைத்திருக்கிற வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. மழைக்காலத்தில் அந்தப் பள்ளம் நிரம்பி, குழாயே தண்ணீருக்குள் நிற்கும். பக்கத்தில் சாக்கடை வேறு ஓடும். மேல்வீட்டுக்காரர் மெயின் பைப்பில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இந்தப் பள்ளத்து நீரும் சேர்ந்து போகும். வயிற்றுப்போக்கு ஒரு தெருவில் மட்டும் வரிசையாக வருவதற்கு இது ஒரு காரணம். குறைந்த அழுத்தத்துக்கு ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ மனு கொடுத்து வால்வைச் சரிபார்க்கச் சொல்வதுதான் முறை. அதுவரை குழாயை உயர்த்த முடியாதவர்கள் தண்ணீர் பிடித்ததும் குழாயை இறுக மூடி, வாயில் ஒரு மூடியாவது திருகிவையுங்கள். ஹோஸை ஒருபோதும் மாட்டியபடி விடாதீர்கள். பனிக்குப் பயந்து அவர்கள் கழற்றுகிறார்கள், நோய்க்குப் பயந்து நாம் கழற்ற வேண்டும்.

கேட் வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதை மாதம் ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். அசைக்காமல் விட்ட வால்வு, தேவைப்படுகிற அன்று பிடிவாதமாக நிற்கும். தண்ணீரைத் தடுக்கிற இடம் தேவைப்படுகிற நாளில் கைவிட்டால் என்ன ஆகும் என்று காவிரிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில், ஆர்தர் காட்டன் காலத்தில் 1836-இல் கட்டிய கொள்ளிடம் மேலணையில் மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். மொத்தம் 9 மதகுகள் போயின. மேட்டூரில் தண்ணீர் நிறைந்து வந்த வருடம் அது. வந்த தண்ணீரைப் பிடித்துத் திருப்ப வேண்டிய இடமே உடைந்துவிட்டது. அதே வருடம் நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் மோட்டாரும் தொட்டியும் சும்மா கிடந்தன. தெருவோரத்து அடிபம்பு இயங்கிய ஊர்களில்தான் சனங்கள் கொஞ்சம் மூச்சுவிட்டார்கள். வாஷர் போட்டு, கிரீஸ் வைத்துப் பராமரித்த பம்புதான் அன்றைக்குத் தண்ணீர் கொடுத்தது. உங்கள் தெருவில் இன்னும் அடிபம்பு இருந்தால் அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நாள் என்பது டெல்டாவில் வழக்கம். அதற்கு முன் ஆறுகளைத் தூர்வாருவார்கள், மதகுகளுக்குக் கிரீஸ் வைத்துப் பெயின்ட் அடிப்பார்கள். நான் என் வீட்டுக் குழாய்களையும் அந்த வாரத்தில்தான் கழற்றிப் பார்ப்பேன். நிலத்தடி நீர் வருடத்திலேயே மிகக் கீழே இருக்கிற நேரம் அது. ஒவ்வொரு சொட்டும் மோட்டார் ஓடி மேலே ஏற்றிய தண்ணீர்.

நீங்களும் இந்த வருடம் ஜூன் 12-க்கு முன் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். கேட் வால்வு அசைகிறதா என்று பாருங்கள், சொட்டுகிற குழாய்க்கு வாஷர் போடுங்கள், வெயிலில் நிற்கிற பைப்புக்குப் பெயின்ட் அடியுங்கள், மாட்டிக் கிடக்கிற ஹோஸைக் கழற்றிச் சுருட்டி மாட்டுங்கள். பக்கத்து வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால் அவர்கள் வீட்டுக் குழாயையும் அப்படியே பார்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.